எதுக்க வந்த ஆளை இங்கிலீஷில் விசாரிப்பது எப்படி?

சாயங்காலம் ஆறு மணிக்குத் திருநெல்வேலி ஜங்ஷனில் தெரிந்த முகம் ஒன்று எதுக்க வந்தால் நமக்கு வாய் தானாகத் திறந்துகொள்ளும். "என்ன அண்ணாச்சி, ஆளையே காணும்?" என்போம். "என்ன இந்தப் பக்கம்?" என்போம். எதை முதலில் சொல்வது என்று ஒருத்தரும் யோசிப்பதில்லை. அதே இடத்தில், பெங்களூர் ஆபீஸில் நம்மோடு வேலை பார்த்த புனேக்காரர் குடும்பத்தோடு அல்வாப் பொட்டலம் சகிதம் நின்றால் கதை மாறிவிடும். வாய் ஒரு நொடி பூட்டிக்கொள்ளும். பிறகு பூட்டு திறந்து வருவது அநேகமாக இப்படித்தான் இருக்கும்: "ஹாய் சார், சடன்லி ஐ சா யூ! ஒய் யூ கேம் ஹியர்?"

இதில் இலக்கணப் பிழை சின்ன விஷயம். இரண்டாவது வாக்கியம் அவர் காதில் 'நீ எதுக்கு இங்க வந்தே?' என்று விழுகிறதே, அதுதான் பெரிய விஷயம். 'திடீர்னு பார்த்தேன்' என்பதும் தமிழில்தான் இயல்பு. இங்கிலீஷில் 'சடன்லி' என்றால் கண் எதிரே ஏதோ பாய்ந்து வந்த வேகம் இருக்கும்.

இந்த மாதிரிச் சொற்களைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்பவர்கள் ஒரு வித்தியாசத்தைத் தவற விடுகிறார்கள். எதிரே நிற்கும் ஆளின் முகத்துக்கு நேரே சொல்கிற வார்த்தைகள் ஒரு ஜாதி. 'இன்னாரை வழியில் பார்த்தேன்' என்று அப்புறமாய் இன்னொருத்தரிடம் சொல்கிற வார்த்தைகள் வேறு ஜாதி. தமிழில் இரண்டுக்கும் 'பார்த்தேன்' ஒன்றே போதும் என்பதால் நமக்கு இது உறைப்பதில்லை. அதனால்தான் 'பம்ப் இன்டு' என்றால் தற்செயலாகச் சந்திப்பது என்று படித்தவர், எதிரே நிற்பவரிடமே "ஐ ஆம் பம்பிங் இன்டு யூ!" என்று சொல்லி வைக்கிறார். 'உங்கள் மேல் மோதிக்கொண்டிருக்கிறேன்' என்று அர்த்தம்.

முதல் மூன்று நொடி

கண்ணில் பட்டதும் முழு வாக்கியம் பேச வேண்டிய கட்டாயம் இல்லை. "ஓ, ஹலோ! வாட் எ சர்ப்ரைஸ்!" போதும். எந்த வயதுக்காரரிடமும் எந்த நாட்டுக்காரரிடமும் செல்லும். 'சர்ப்ரைஸ்' என்பதோடு நிறுத்துங்கள். 'சர்ப்ரைஸிங்' என்று இழுக்க வேண்டாம்.

அதற்கு மேல் ஒரு வாக்கியம் வேண்டுமானால், "ஐ டிடின்ட் எக்ஸ்பெக்ட் டு சீ யூ ஹியர்." இதில் 'டு சீ', 'ஹியர்' இரண்டையும் விழுங்கக் கூடாது. விழுங்கிவிட்டு "ஐ டிடின்ட் எக்ஸ்பெக்ட் யூ" என்று முடித்தால், வாசலில் வந்து நிற்கிற விருந்தாளியிடம் 'நீங்க வருவியன்னு நினைக்கலையே' என்று சொன்ன மாதிரி ஆகிவிடும். உலை வைக்காத வீட்டுக்குத்தான் அந்த வாக்கியம் பொருந்தும்.

"ஃபேன்சி சீயிங் யூ ஹியர்!" என்று ஒன்று உண்டு. நமக்கு ஃபேன்சி என்றால் வளையலும் ரிப்பனும் விற்கிற ஃபேன்சி ஸ்டோர்தான் ஞாபகம் வரும். இங்கே அது வினைச்சொல். 'நினைச்சுப் பாரேன்' என்று பொருள். உங்களை இங்கே பார்ப்பேன் என்று யார் நினைத்தது! அதன் பின்னால் வரும் வினை 'இங்' என்றுதான் முடியும்: சீயிங், மீட்டிங். 'ஃபேன்சி டு மீட் யூ' கிடையாது. இது பிரிட்டிஷ்காரர்கள் வழக்கம், கொஞ்சம் பழைய வாசனையும் அடிக்கும். லண்டன் கிளையன்ட்டிடம் சொல்லலாம். நம் புனேக்காரரிடம் சொன்னால், சினிமாவில் கேட்டதைச் சொல்கிறார் போல என்று நினைத்துக்கொள்வார். மேல்பல் கீழ் உதட்டில் படாமல் வெறும் 'பே' போட்டுச் சொன்னால் அது பான்சி என்ற பூவின் பெயராகிவிடும் என்பதையும் கவனியுங்கள்.

"வாட் எ கோஇன்சிடென்ஸ்!" என்பதை நம்மவர்கள் தேவைக்கு மேல் செலவழிக்கிறார்கள். காக்கா உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்போமே, அதுதான் கோஇன்சிடென்ஸ். காக்கையும் வேண்டும், பழமும் வேண்டும். இரண்டு சம்பவம் ஒரே நேரத்தில் ஒட்டிக்கொள்ள வேண்டும். காலையில்தான் அவருக்கு மெயில் அனுப்பியிருக்கிறீர்கள், மாலையில் அவர் எதிரே வருகிறார் என்றால் சொல்லலாம். நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறினால் உங்களுக்கும் அவருக்கும் ஒரே பெட்டியில் எதிரெதிர் பெர்த் என்றால் சொல்லலாம். அடுத்த தெருக்காரரைப் பாளை மார்க்கெட்டில் பார்த்ததற்கெல்லாம் சொன்னால் காக்கை மட்டும்தான் உட்கார்ந்திருக்கிறது, பழம் இல்லை. 'கோஇன்சிடென்ட்' என்று 'ட்' போட்டு முடிப்பது இன்னொரு அடிக்கடி நேரும் தவறு. கடைசி ஒலி 'ஸ்'. அழுத்தம் இரண்டாவது அசையில்: கோ-இன்-சிடென்ஸ் என்பதில் 'இன்' கனமாக வர வேண்டும்.

"ஸ்மால் வேர்ல்ட்!" என்பதற்கும் நிபந்தனை உண்டு. தூரமாவது வேண்டும், இல்லையென்றால் சுற்றிவளைத்த உறவாவது வேண்டும். பாளையங்கோட்டையில் ஒரே பெஞ்சில் படித்தவரைத் துபாய் விமான நிலையத்தில் பார்த்தால் சொல்லலாம். புனேக்காரரின் மனைவிக்கு அம்பாசமுத்திரம்தான் பூர்வீகம், அதுவும் உங்கள் மதினியின் தெரு என்று தெரியவந்தால் இதைவிடப் பொருத்தமான வார்த்தை கிடையாது. முழுதாகச் சொல்வதானால் "இட்ஸ் எ ஸ்மால் வேர்ல்ட், இஸின்ட் இட்?" 'த வேர்ல்ட் இஸ் வெரி ஸ்மால்' என்றால் பூகோளப் பாடம்.

அவரைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் வந்து நின்றால் நாம் 'உங்களுக்கு நூறு வயசு' என்போம். இங்கிலீஷ்காரர்கள் அதே இடத்தில் "ஸ்பீக் ஆஃப் த டெவில்" என்பார்கள். பேயைப் பற்றிப் பேசினால் பேயே வந்து நிற்கும் என்ற பழமொழியின் பாதி. நம்முடையது வாழ்த்து, அவர்களுடையது கிண்டல். ஆகவே தோளில் கை போடுகிற அளவுக்குப் பழகியவரிடம் மட்டும் சொல்லுங்கள். மேனேஜர், பேராசிரியர், பாதிரியார் முதலானவர்களிடம் "வி வேர் ஜஸ்ட் டாக்கிங் அபவுட் யூ" என்றால் போதும். நல்லதாய்த்தான் பேசிக்கொண்டிருந்தோம் என்பதற்கு "ஆல் குட் திங்ஸ்" என்று சிரித்தபடி சேர்த்துக்கொள்ளலாம்.

பக்கத்தில் மூன்றாவது ஆள் இருந்தால் "லுக் ஹூ'ஸ் ஹியர்!", அதாவது 'யாரு வந்திருக்கான்னு பாருங்க!' அதற்கு முன்னால் 'வெல், வெல்' என்று இரண்டு முறை இழுத்தால் குத்தலாகிவிடும். 'இப்படியும் நடக்குமா' என்ற வியப்புக்கு "வாட் ஆர் தி ஆட்ஸ்?" இதற்குப் பதில் எதிர்பார்க்க மாட்டார்கள்.

நாள் கணக்கில் விழுகிற அடி

பார்த்து எவ்வளவு நாளாச்சு என்று சொல்கிற இடத்தில்தான் நம்மவர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். காரணம் எளிது. 'மூணு வருஷம் கழிச்சுப் பார்க்கேன்' என்பதை வார்த்தைக்கு வார்த்தை மாற்றுகிறோம்: "ஐ ஆம் சீயிங் யூ ஆஃப்டர் த்ரீ இயர்ஸ்." இந்தியாவுக்குள் புரிந்துகொள்வார்கள். வெளியார் காதில் 'ஆஃப்டர் த்ரீ இயர்ஸ்' என்பது இனி வரப்போகிற மூன்று வருஷம் போலவும் கேட்கும்.

அவர்கள் சொல்லும் முறை: "இட்ஸ் பீன் த்ரீ இயர்ஸ்!" நாலே வார்த்தை. நாள் கணக்கு தெரியாவிட்டால் "இட்ஸ் பீன் ஏஜஸ்!" ஏஜஸ் என்றால் யுகங்கள், ஆறு மாதத்துக்கும் சொல்லலாம், யாரும் காலண்டரைப் பார்க்கப் போவதில்லை. 'ஆளையே காணும்' என்பதற்கு நேரான வாக்கியம் "ஐ ஹேவின்ட் சீன் யூ ஃபார் ஏஜஸ்."

இங்கே 'ஃபார்', 'சின்ஸ்' இரண்டையும் பிரித்து வைத்துக்கொள்ள வேண்டும். 'ஃபார்' அளவுக்கு: ஃபார் த்ரீ இயர்ஸ், ஃபார் மன்த்ஸ். 'சின்ஸ்' தொடங்கிய புள்ளிக்கு: சின்ஸ் 2019, சின்ஸ் காலேஜ், சின்ஸ் யுவர் வெட்டிங். 'சின்ஸ் லாங்' என்பது நம் ஆபீஸ்களில் மட்டும் ஓடுகிற நாணயம், வெளியே செல்லாது. 'சின்ஸ் த்ரீ இயர்ஸ்' என்பதும் அப்படியே. சொல்வதற்கு முன் ஒரு சோதனை: அந்த இடத்தில் தமிழில் 'இருந்து' வருமா என்று பாருங்கள். '2019-லிருந்து பார்க்கலை' என்று வந்தால் சின்ஸ். 'மூணு வருஷமாப் பார்க்கலை' என்று 'ஆக' வந்தால் ஃபார்.

"லாங் டைம் நோ சீ" என்பதில் இலக்கணமே இல்லையே, பிழைதானே என்று கேட்பவர்கள் உண்டு. இலக்கணம் இல்லைதான், ஆனாலும் பிழை இல்லை. கலப்பு இங்கிலீஷாகப் பிறந்து எல்லார் வாயிலும் நிலைத்துவிட்ட வழக்கு. அதைத் திருத்துகிறேன் பேர்வழி என்று 'லாங் டைம் ஐ நாட் சீன் யூ' என்று நீட்டுவதுதான் பிழை. சமவயதுக்காரர்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பெரியவர்களிடம் "இட்ஸ் பீன் எ லாங் டைம், சார்" என்றால் மரியாதையும் நிற்கும்.

இன்னும் ஒன்று. 'நைஸ் டு மீட் யூ' முதல் அறிமுகத்துக்கு. ஏற்கெனவே தெரிந்தவரிடம் அதைச் சொன்னால் 'இவர் நம்மை மறந்தே போனாரா' என்று அவருக்கு மனசு சுணங்கும். தெரிந்தவர்களுக்கு எப்போதும் "குட் டு சீ யூ" அல்லது "நைஸ் டு சீ யூ அகைன்."

'என்ன இந்தப் பக்கம்?'

இதற்கு இங்கிலீஷில் கச்சிதமான ஜோடி இருக்கிறது: "வாட் பிரிங்ஸ் யூ ஹியர்?" எது உங்களை இங்கே கொண்டுவந்தது என்று, ஆளைக் கேட்காமல் காரணத்தைக் கேட்பதால் உறுத்தாது. 'ஒய் டிட் யூ கம் ஹியர்?' இலக்கணப்படி சரி. கேட்பதற்கு ஸ்டேஷனில் எழுதி வாங்குகிற வாக்குமூலம். 'வாட் ஆர் யூ டூயிங் ஹியர்?' நடுவில் நிற்கிறது. 'ஹியர்' என்பதை உயர்த்திச் சிரித்தபடி சொன்னால் சந்தோஷம். 'டூயிங்' என்பதை அழுத்தினால் சந்தேகம். குரல் கட்டுப்பாடு கைவராதவரை 'பிரிங்ஸ்' பாதுகாப்பு.

நாம் பாசமாய்க் கேட்கும் மூன்று கேள்விகளை மூட்டை கட்டி வைக்க வேண்டும். முதலாவது, "எங்க போறிய?" புறப்படுகிறவரை 'எங்கே' என்று கேட்டால் போகிற காரியம் விளங்காது என்று 'தூரமாப் போறியளா?' என்று மாற்றிக் கேட்கிற நாகரிகம் நம் பெரியவர்களிடம் உண்டு. 'வேர் ஆர் யூ கோயிங்?' இங்கிலீஷிலும் அதே மாதிரி வேவு பார்க்கிற கேள்விதான். அதற்குப் பதில் "ஆர் யூ ஹியர் ஃபார் லாங்?" என்று கேட்கலாம், எத்தனை நாள் இருப்பார் என்று அவரே சொல்லிவிடுவார்.

இரண்டாவது, "சாப்ட்டியளா?" 'ஹேட் யுவர் லன்ச்?' என்றால் வெளியூர்க்காரர் நீங்கள் சாப்பாட்டுக்குக் கூப்பிடுவதாக நினைத்து 'நோ, நாட் யெட்' என்று காத்து நிற்பார். கூப்பிடுகிற உத்தேசம் இருந்தால் தாராளமாகக் கேளுங்கள்.

மூன்றாவது, "என்ன இப்படி மெலிஞ்சிட்டிய?" நமக்கு அது அக்கறை. 'யூ ஹேவ் பிகம் தின்', 'யூ ஹேவ் பிகம் டார்க்', 'யூ ஹேவ் புட் ஆன் வெயிட்' மூன்றையும் அவர்கள் உடம்பைப் பற்றிய விமர்சனமாக எடுத்துக்கொள்வார்கள். "யூ லுக் வெல்" அல்லது "யூ ஹேவின்ட் சேஞ்ட் எ பிட்" என்பதோடு நிறுத்துவது நல்லது. பின்னது பொய்யாகவே இருந்தாலும் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

நலம் விசாரிப்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. நேற்றுப் பார்த்தவரிடம் 'ஹவ் ஆர் யூ?' நெடுநாள் கழித்துப் பார்ப்பவரிடம் "ஹவ் ஹேவ் யூ பீன்?" இடைப்பட்ட காலம் முழுவதையும் சேர்த்து விசாரிக்கிற கேள்வி அது. பதிலுக்கு "கான்ட் கம்ப்ளெய்ன்", "ப்ரெட்டி குட், தேங்ஸ்" மாதிரி இரண்டு மூன்று வார்த்தை போதும். ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்து விரிக்க வேண்டியதில்லை.

உங்களை 'நீங்க இங்க எப்படி?' என்று கேட்டால், 'ஐ கேம் டு மை நேட்டிவ்' வேண்டாம். நேட்டிவ் என்பதற்கு வெளிநாட்டார் காதில் ஊர் என்ற பொருள் இல்லை. "ஐ'ம் ஹோம் ஃபார் பொங்கல்", "ஐ'ம் விசிட்டிங் மை பேரன்ட்ஸ்", "ஐ'ம் ஃப்ரம் ஹியர், ஆக்சுவலி" இவற்றில் எது பொருந்துமோ அது.

பேர் ஞாபகம் வரவில்லை என்றால்

முகம் தெரியும், பேர் தொண்டையில் நிற்கும். 'ஹூ ஆர் யூ?' என்று கேட்டுவிடாதீர்கள். "ஐ'ம் சோ சாரி, யுவர் நேம்'ஸ் ஸ்லிப்ட் மை மைண்ட்" என்று ஒப்புக்கொள்வது கௌரவம். பேரும் இல்லை, எங்கே பார்த்தோம் என்பதும் இல்லை என்றால் "ரிமைண்ட் மீ, வேர் டிட் வி மீட்?"

அவர் உங்களை மறந்திருப்பது தெரிந்தால் 'டு யூ ரிமெம்பர் மீ?' என்று பரீட்சை வைக்காதீர்கள். நீங்களே பேரும் இடமும் சொல்லிவிடுங்கள்: "வி வொர்க்ட் டுகெதர் இன் பெங்களூர், இன் 2018." ஆள் மாறிப் போய் யாரோ ஒருவரின் தோளைத் தட்டிவிட்டால் "சாரி, ஐ தாட் யூ வேர் சம்வன் எல்ஸ்." கோயில் தேரோட்டக் கூட்டத்தில் ரத வீதியில் நிற்கிற அன்று இந்த வாக்கியம் நிச்சயம் உதவும்.

கிளம்புவது

பாதிப் பேர் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். பேச்சு தீர்ந்துபோய் இரண்டு பேரும் செருப்பைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். முடிக்கப் போகிறோம் என்பதற்கு அடையாளம் "எனிவே..." என்ற ஒரு வார்த்தை. அதைச் சொல்லி அரை நொடி நிறுத்தினாலே அவருக்குப் புரியும். பின்னால் "ஐ வோன்ட் கீப் யூ" என்று சேர்த்தால், 'உங்களை நிறுத்தி வைக்கலை' என்று, கிளம்புகிற பொறுப்பை அவர் வசதிக்காக என்பதுபோல் மாற்றிவிடலாம். உங்களுக்கே பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றால் "ஐ'ட் பெட்டர் கெட் கோயிங்."

'போயிட்டு வாரேன்' என்பதை மட்டும் மாற்றிவிடாதீர்கள். "ஐ வில் கோ அண்ட் கம்" என்று சொல்லிவிட்டுப் போனால், அந்தப் பாவப்பட்ட மனிதர் நீங்கள் திரும்பி வருவீர்கள் என்று அல்வாக் கடை வாசலிலேயே நிற்பார். நமக்குப் 'போறேன்' என்று வெறுமனே சொல்வது ஆகாது. அவர்களுக்கு "பை", "டேக் கேர்", "சீ யூ அரவுண்ட்" ஆகும். 'சீ யூ அரவுண்ட்' என்பது மறுபடியும் இப்படி எங்காவது பார்ப்போம் என்பது.

"வி மஸ்ட் கேட்ச் அப் சம்டைம்" என்று அவர் சொன்னால் டைரியை எடுக்காதீர்கள். நம் ஊர் 'வீட்டுக்கு ஒருநாள் வாங்க' மாதிரி அது. கிழமை சொல்லாதவரை அழைப்பு இல்லை. உண்மையாகவே சந்திக்க நினைத்தால் நீங்கள் கிழமை சொல்ல வேண்டும்: "ஆர் யூ ஃப்ரீ ஆன் சண்டே?"

இதுவரை சொன்னதெல்லாம் ஒன்றாகக் கோத்தால் எப்படி இருக்கும்? ஜூலை மாதம், சாரல் சமயம், அதே புனேக்காரர்:

"ஓ, ஹலோ! வாட் எ சர்ப்ரைஸ்!"

"ஹே! ஐ கான்ட் பிலீவ் இட். டு யூ லிவ் ஹியர்?"

"மை பேரன்ட்ஸ் டூ. ஐ'ம் ஹோம் ஃபார் த வீக்கெண்ட். இட்ஸ் பீன் த்ரீ இயர்ஸ், ஹேஸின்ட் இட்? ஹவ் ஹேவ் யூ பீன்?"

"ப்ரெட்டி குட், தேங்ஸ். அண்ட் யூ?"

"கான்ட் கம்ப்ளெய்ன். வாட் பிரிங்ஸ் யூ டு திருநெல்வேலி?"

"வி ஆர் ஆன் அவர் வே டு கோர்ட்டாலம்."

"யூ'வ் பிக்ட் த ரைட் டைம். எனிவே, ஐ வோன்ட் கீப் யூ. இட் வாஸ் கிரேட் ரன்னிங் இன்டு யூ!"

'கோர்ட்டாலம்' என்று அவர் சொல்வதைத் திருத்த வேண்டாம். வெள்ளைக்காரன் காலத்திலிருந்து குற்றாலத்துக்கு இங்கிலீஷ் எழுத்து அப்படித்தான் இருக்கிறது. போர்டைப் படித்தவர் அப்படித்தான் சொல்வார். கடைசி வரியைப் பாருங்கள். 'பம்ப் இன்டு' போலவே தற்செயலாகச் சந்திப்பதைச் சொல்கிற 'ரன்னிங் இன்டு யூ' முகத்துக்கு நேரேயே வந்திருக்கிறது. முதலில் சொன்னதற்கு இது முரண் இல்லை. சந்திப்பு முடிகிற நேரம் அது நடந்து முடிந்த சம்பவமாகிவிடுகிறது, அதனால் சொல்லலாம். பேச்சின் நடுவில் "ஐ'ம் க்ளாட் ஐ ரேன் இன்டு யூ", 'நல்லவேளை உங்களைப் பார்த்தேன்' என்று தொடங்கி ஒரு உதவியும் கேட்கலாம். வாய் திறக்கும் முதல் வாக்கியமாக மட்டும் ஆகாது.

அப்புறம் இன்னொருத்தரிடம் சொல்லும்போது

'நேத்து ஜங்ஷன்ல அவரைப் பார்த்தேன்.' இந்தப் 'பார்த்தேன்' இங்கிலீஷில் மூன்றாகப் பிரியும். 'சா' என்றால் கண்ணில் பட்டார், அவ்வளவுதான். பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்ததற்கும் அது போதும். 'மெட்' என்றால் சந்தித்தேன். ஏற்பாடு செய்து சந்தித்திருக்கலாம், முதல்முறை அறிமுகமானதாகவும் இருக்கலாம். 'ரேன் இன்டு' அல்லது 'பம்ப்ட் இன்டு' என்றால்தான் ஏற்பாடு இல்லாமல் பார்த்து நாலு வார்த்தையும் பேசினோம் என்று வரும். இரண்டுக்கும் பொருள் ஒன்றே. 'பம்ப்' ஒரு மாத்திரை கூடுதலாகப் பேச்சுவழக்கு. ஆபீஸ் கடிதத்திலோ வாக்குமூலத்திலோ எழுதும்போது இரண்டும் வேண்டாம், "ஐ மெட் ஹிம் பை சான்ஸ்" அல்லது "ஐ ஹேப்பன்ட் டு மீட் ஹிம்."

ரன் இன்டு என்பதன் வடிவங்கள் ரன், ரேன், ரன். 'ஐ ஹேவ் ரேன் இன்டு' தவறு. "ஐ'வ் ஜஸ்ட் ரன் இன்டு யுவர் பிரதர்" சரி. நேற்று, போன வாரம் என்று காலம் சொன்னால் வெறும் 'ரேன்'. இன்டுவுக்குப் பின் ஆள் நேரே வருவார். நடுவில் 'வித்' கிடையாது, 'டு' கிடையாது. ஆளை நடுவில் செருகி 'ரேன் ஹிம் இன்டு' என்றும் பிரிக்க முடியாது. ஏற்பாடான சந்திப்புக்கும் ஆகாது: 'நாளைக்கு அஞ்சு மணிக்கு பம்ப் இன்டு பண்ணுவோம்' என்றால் சிரிப்பார்கள். திரும்பத் திரும்ப எதிர்ப்பட்டால் "வி கீப் பம்பிங் இன்டு ஈச் அதர்."

வாகனம் வாக்கியத்துக்குள் வந்தால் எச்சரிக்கை. 'பைக்கில் போகும்போது உங்க தம்பியைப் பார்த்தேன்' என்று நினைத்துக்கொண்டு "ஐ ரேன் இன்டு யுவர் பிரதர் வித் மை பைக்" என்று போனில் சொன்னால், அந்தப் பக்கம் இருப்பவர் ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடித்துவிடுவார். தம்பி மேல் பைக்கை ஏற்றிவிட்டேன் என்று அர்த்தம். பைக்கைத் தனி வாக்கியத்துக்குத் தள்ளுங்கள்: "ஐ வாஸ் ஆன் மை வே டு வண்ணாரப்பேட்டை வென் ஐ ரேன் இன்டு யுவர் பிரதர்." 'ரன் ஓவர்' இன்னும் மோசம், அது சக்கரம் ஏறுவது. 'பம்ப் ஆஃப்' என்றால் கொலையே.

கொலை என்றதும் இன்னொன்று. 'சந்தித்தல்' என்று அகராதி பார்த்து "ஐ என்கவுன்டர்ட் மை ஓல்ட் டீச்சர்" என்று எழுதுபவர்கள் உண்டு. இங்கிலீஷில் அது விறைப்பான சொல் என்பதோடு நின்றுவிடும். நம் நாட்டுப் பத்திரிகை படிக்கிறவர்களுக்கு என்கவுன்டர் என்றால் போலீஸ் துப்பாக்கிதான். வாத்தியாருக்கு அந்தக் கதி வேண்டாம். அதே போல 'ஆக்சிடென்டலி மெட்' என்பதில் தவறு இல்லை என்றாலும், 'மெட் வித் ஆன் ஆக்சிடென்ட்' காதில் ஊறிப்போனவர்கள் நடுவில் 'பை சான்ஸ்' நிம்மதி.

'கம் அக்ராஸ்' பெரும்பாலும் பொருள்களுக்கு: பரணில் பழைய போட்டோ கிடைத்தால் "ஐ கேம் அக்ராஸ் அன் ஓல்ட் போட்டோ." ஆளுக்கும் வரும், ஆனால் 'அப்படிப்பட்ட ஆளை நான் கண்டதே இல்லை' என்கிற தொனியில்தான் அதிகம். போனில் நெடுநாள் கழித்து ஒருவர் கூப்பிட்டால் ரன் இன்டு வராது, "ஹி கால்ட் மீ அவுட் ஆஃப் த ப்ளூ." 'செரண்டிபிட்டி' என்ற அழகான சொல்லை இதற்கெல்லாம் இழுக்கிறார்கள். தேடாமலே நல்லது கிடைக்கிற அதிர்ஷ்டம் அது. 1754-ல் ஹொரேஸ் வால்போல் ஒரு கடிதத்தில் உருவாக்கியது. செரண்டிப் என்ற இலங்கையின் பழைய பெயரிலிருந்து எடுத்தார், தூத்துக்குடிக்கு எதிர்க்கரைதான். எவ்வளவு பக்கத்துச் சொந்தம் என்றாலும் பஸ் ஸ்டாண்டில் பழைய மேனேஜரைப் பார்த்ததற்கு அது பட்டு வேட்டி.

செய்தியைத் தொடங்க நல்ல வாசல் "யூ'ல் நெவர் கெஸ் ஹூ ஐ ரேன் இன்டு!", 'யாரைப் பார்த்தேன் சொல்லு பார்ப்போம்!' பிறகு இடம். இடத்துக்கு முன் வரும் சின்னச் சொல்லில்தான் பிழை ஒளிந்திருக்கும். ஒரு புள்ளி போன்ற இடத்துக்கு 'அட்': அட் த பஸ் ஸ்டாண்ட், அட் எ வெட்டிங். பரப்புள்ள ஊருக்கு 'இன்': இன் பாளையங்கோட்டை, இன் டவுன். எழுந்து நடக்கிற வசதியுள்ள வண்டிக்கு 'ஆன்': ஆன் த ட்ரெயின், ஆன் த பஸ். உட்கார்ந்தே போகிற காருக்கும் ஆட்டோவுக்கும் 'இன்'. கடை வாசல் என்றால் "அவுட்சைட் த அல்வா ஷாப்."

ஒலியில் ஒரு தொல்லை நம் எழுத்தாலேயே வருகிறது. மோதலுக்கும் 'பம்ப்', தண்ணீர் இறைக்கிற மோட்டாருக்கும் 'பம்ப்'. தமிழில் எழுதினால் ஒன்றுதான். வாயில் வேறு. மோதலுக்குப் 'பஸ்' என்பதில் வருகிற குரலுள்ள ஒலி, மோட்டாருக்குப் 'பல்' என்பதில் வருகிற காற்று ஒலி. தொண்டையில் விரல் வைத்தால் முதலாவதற்கு ஆரம்பத்திலேயே அதிரும். இறந்தகாலத்தைப் 'பம்ப்பெட்' என்று இரண்டு அசையாக்காமல், 'பம்ப்ட்' என்று ஒரே அசையாக்கி அடுத்த சொல்லோடு ஒட்டுங்கள்: 'பம்ப்டின்டு'. ரேன் இன்டுவும் வேகத்தில் 'ரேனின்டு' ஆகிவிடும். அவர்கள் பேசும்போது நமக்குப் பிடிபடாமல் போவது இந்த ஒட்டினால்தான்.

மறுநாள் காலையில் அவருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வரி போடுவது நல்ல பழக்கம். "இட் வாஸ் லவ்லி ரன்னிங் இன்டு யூ எஸ்டர்டே. ஹோப் யூ என்ஜாய் கோர்ட்டாலம்." மேலதிகாரி என்றால் "இட் வாஸ் எ ப்ளசன்ட் சர்ப்ரைஸ் டு சீ யூ எஸ்டர்டே, சார்." அருவியில் நனைந்த கையோடு அவர் பதில் போட மத்தியானம் ஆகும்; அதற்குள் இரண்டாவது மெசேஜ் அனுப்ப வேண்டாம்.